சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் என்றால் என்ன? குமராட்சி விஞ்ஞானியின் ஆய்வுக் கணக்கு சொல்வதும் சொல்லாததும்

'உலகின் முதல் 2% விஞ்ஞானிகள் பட்டியலில் நம்ம ஊர் பேராசிரியர்.' ஒவ்வொரு ஆண்டும் செப்டம்பர் வாக்கில் தமிழ்நாட்டின் ஏதாவது ஒரு மாவட்டத்திலிருந்து இப்படி ஒரு செய்தி வந்துவிடுகிறது. கல்லூரி வாசலில் ஃபிளெக்ஸ் வைக்கிறார்கள். அட்மிஷன் விளம்பரங்களிலும் எங்கள் ஆசிரியர்களுக்கு இத்தனை பேப்பர், இத்தனை ஆயிரம் சைட்டேஷன், ஹெச்-இண்டெக்ஸ் இவ்வளவு என்று எண்களாகவே போடுகிறார்கள்.

அந்த விளம்பரத்தைப் பார்த்து லட்சக்கணக்கில் கட்டணம் கட்டும் பெற்றோருக்கும், பிஎச்.டி.க்கு வழிகாட்டி தேடும் மாணவருக்கும் ஒரு கேள்வி உண்டு. இந்த எண்கள் உண்மையில் எதை அளக்கின்றன? எண் பெரிசா இருந்தால் ஆராய்ச்சியும் பெரிசா?

இதைப் புரிந்துகொள்ள ஒரு நிஜ விஞ்ஞானியின் கட்டுரைக் கணக்கைப் பிரித்துப் பார்ப்பதுதான் சுலபமான வழி. கடலூர் மாவட்டம் குமராட்சியைச் சேர்ந்த கோட்பாட்டு வேதியியல் அறிஞர் நாராயணசாமி சத்தியமூர்த்தியின் கணக்கு அதற்குச் சரியான உதாரணம்.

யார் இந்த சத்தியமூர்த்தி?

சிதம்பரத்துக்கும் காட்டுமன்னார்கோயிலுக்கும் நடுவில் இருக்கும் ஊர் குமராட்சி. 1951-ல் பிறந்த சத்தியமூர்த்தி, பக்கத்திலேயே இருக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் படித்தார். 1970-ல் பி.எஸ்சி., 1972-ல் எம்.எஸ்சி. அங்கிருந்து அமெரிக்காவின் ஓக்லஹோமா ஸ்டேட் பல்கலைக்கழகம் போய், 1975-ல் பிஎச்.டி. முடித்தார். அடுத்து கனடாவின் டொரோண்டோவில் ஜான் போலானியிடம் ஆய்வு செய்தார். போலானி 1986-ல் வேதியியல் நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர்.

1978-ல் சத்தியமூர்த்தி ஐ.ஐ.டி. கான்பூரில் சேர்ந்தார். 1990-ல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருது கிடைத்தது. 2007-ல் தொடங்கப்பட்ட மொஹாலி ஐசர் ஆராய்ச்சி நிறுவனத்தின் முதல் இயக்குநரும் இவர்தான்.

கோட்பாட்டு வேதியியல் என்றால் என்ன?

வேதியியல் என்றதும் கண்ணாடிக் குடுவையும் ஆசிட் வாசனையும் நினைவுக்கு வரும். இந்தப் பிரிவில் அதெல்லாம் கிடையாது. இங்கே ஆய்வுக்கூடமே கம்ப்யூட்டர்தான். இரண்டு மூலக்கூறுகள் மோதினால் என்ன ஆகும், எந்தப் பிணைப்பு உடையும், எது உருவாகும் என்பதைக் குவாண்டம் இயற்பியல் சமன்பாடுகளை வைத்துக் கணக்குப் போட்டுச் சொல்கிறார்கள்.

இதில் பேப்பர் போட்டால் யார் படிப்பார்கள்? அதே பிரச்சினையில் உலகம் முழுக்க வேலை பார்க்கும் சின்ன வட்டம்தான் படிக்கும். சைட்டேஷன் கணக்கைப் பார்க்கும்போது இதை மறக்கக் கூடாது.

சைட்டேஷன் என்பது என்ன?

ஒரு ஆய்வாளர் கட்டுரை எழுதும்போது, தான் பயன்படுத்திய முந்தைய ஆய்வுகளைக் கடைசியில் பட்டியல் போட வேண்டும். அந்தப் பட்டியலில் உங்கள் கட்டுரை வந்தால் அது உங்களுக்கு ஒரு சைட்டேஷன். தமிழில் மேற்கோள் என்கிறோம்.

நீதிமன்றத்தில் வக்கீல் முந்தைய தீர்ப்பை எடுத்துக்காட்டுவாரே, அதே மாதிரிதான். சொல்லப்போனால், இந்த யோசனையே அங்கிருந்து வந்ததுதான். அமெரிக்காவில் எந்தத் தீர்ப்பு எந்த வழக்கில் எடுத்தாளப்பட்டது என்று வக்கீல்களுக்குத் தொகுத்துத் தரும் பதிவேடு ஒன்று இருந்தது. அதை மாதிரியாக வைத்து, அறிவியல் கட்டுரைகளுக்கும் அப்படி ஒரு பட்டியல் வேண்டும் என்று 1955-ல் யூஜின் கார்ஃபீல்ட் எழுதினார். 1964-ல் அவருடைய 'சயின்ஸ் சைட்டேஷன் இண்டெக்ஸ்' வெளிவந்தது.

நூலக உலகத்தில் எண்ணிக்கை வைத்து அளக்கும் யோசனைக்கு நம்ம பக்கத்திலும் ஒரு முன்னோடி உண்டு. சிதம்பரத்துக்குத் தெற்கே, கொள்ளிடம் தாண்டினால் வரும் சீர்காழியில் 1892-ல் பிறந்தவர் எஸ்.ஆர். ரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்து நூலகரானவர். நூலகப் பணிகளைப் புள்ளியியல் முறையில் அளக்க வேண்டும் என்று சொல்லி, அதற்கு 1948-லேயே 'லைப்ரமெட்ரி' என்று பெயர் வைத்தார்.

சரி, ஹெச்-இண்டெக்ஸ்?

2005-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் பணியாற்றிய இயற்பியலாளர் ஹோர்ஹே ஹிர்ஷ் முன்வைத்த கணக்கு இது. ஒருவர் எத்தனை பேப்பர் போட்டார், அவை எத்தனை முறை எடுத்தாளப்பட்டன என்ற இரண்டையும் ஒரே எண்ணில் அடக்கப் பார்க்கிறது.

ஒருவரிடம் 5 கட்டுரைகள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். அவற்றுக்கு 40, 12, 5, 4, 1 என்று சைட்டேஷன்கள். குறைந்தது 4 சைட்டேஷன் பெற்ற கட்டுரைகள் 4 இருக்கின்றன. 5 சைட்டேஷன் பெற்ற 5 கட்டுரைகள் இல்லை. எனவே அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் 4.

இன்னொருவர் வாழ்நாளில் 2 கட்டுரைதான் எழுதினார், ஒவ்வொன்றுக்கும் 5,000 சைட்டேஷன் என்றால் அவருடைய ஹெச்-இண்டெக்ஸ் வெறும் 2. ஒரு துறையையே மாற்றிப் போட்டவராக இருந்தாலும் 2-தான். இந்த அளவுகோலின் பலவீனம் இங்கேயே தெரிகிறது. அதோடு இந்த எண் குறையவே குறையாது, வயதோடு ஏறும். 30 வயது ஆய்வாளரையும் 60 வயது பேராசிரியரையும் இதை வைத்து ஒப்பிட முடியாது.

சத்தியமூர்த்தியின் 4 கட்டுரைகள், 4 விதமான சைட்டேஷன்

இனி அவருடைய கட்டுரைப் பட்டியலிலிருந்து 4 கட்டுரைகளை மட்டும் பார்ப்போம். நான்கையும் மற்றவர்கள் எடுத்தாளும் காரணம் வேறு வேறு.

1. ஒரு வழிமுறை (1975)

வீராணம் ஏரியின் அடித்தளத்தை வரைபடமாக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏரி முழுக்க ஒவ்வொரு அடியிலும் ஆழம் பார்க்க முடியாது. சில நூறு இடங்களில் அளந்து, நடுவில் விட்டுப்போன இடங்களை வழுவழுப்பான வளைவுகளால் நிரப்ப வேண்டும். இதற்குப் பயன்படும் கணித முறைகளில் ஒன்றின் பெயர் 'ஸ்ப்லைன்'.

மூலக்கூறுகளுக்கும் இப்படி ஒரு மேடு பள்ள வரைபடம் உண்டு. அதை ஆற்றல் பரப்பு என்கிறார்கள். மூன்று அணுக்கள் இருந்தால் அவற்றுக்கு இடையே மூன்று தூரங்கள். அந்தத் தூரங்கள் மாற மாற ஆற்றல் ஏறி இறங்கும். ஒவ்வொரு புள்ளியிலும் ஆற்றலைக் கணக்கிடுவது அன்றைய கம்ப்யூட்டர்களுக்குப் பெரும்பாடு. கொஞ்சம் புள்ளிகளை வைத்து முழுப் பரப்பையும் நிரப்ப முப்பரிமாண ஸ்ப்லைன் முறையைப் பயன்படுத்தலாம் என்று சத்தியமூர்த்தியும் அவருடைய வழிகாட்டி லயனல் ராஃபும் 1975-ல் எழுதினார்கள்.

இந்த மாதிரிக் கட்டுரையை, அதே வினையை ஆராயாதவர்களும் எடுத்தாளுவார்கள். வழிமுறை எங்கே வேண்டுமானாலும் உதவும் இல்லையா?

2. ஒரு வரைபடம் (1987)

ஹீலியம் அணு ஒன்று, எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன் மூலக்கூறு மீது மோதுகிறது. ஒரு ஹைட்ரஜன் பிரிந்துபோய், ஹீலியமும் மற்ற ஹைட்ரஜனும் ஒட்டிக்கொண்டு 'ஹீலியம் ஹைட்ரைடு' அயனி உருவாகிறது. இந்த வினை தானாக நடக்காது, ஆற்றல் கொடுக்க வேண்டும். வேகமாக மோதவிடுவதைவிட, அதே அளவு ஆற்றலை மூலக்கூறின் அதிர்வாகக் கொடுத்தால் வினை நன்றாக நடக்கிறது என்று 1968-ல் சப்காவும் ரஸ்ஸலும் சோதனையில் காட்டியிருந்தார்கள். ஏன் அப்படி என்பதுதான் கோட்பாட்டாளர்களுக்கான கேள்வி.

1976-லேயே இந்த வினையைக் கணக்கிட்டிருந்த சத்தியமூர்த்தி, 1987-ல் ஜோசப் என்ற ஆய்வாளரோடு சேர்ந்து இதன் ஆற்றல் பரப்பை எளிதாகப் பயன்படுத்தக்கூடிய வடிவத்தில் கொடுத்தார். மூலக் கணக்கீடு மெக்லாக்லின், தாம்ப்சன் இருவருடையது. நான்கு பேரின் முதலெழுத்தும் சேர்ந்து அந்த வரைபடத்துக்கு 'எம்.டி.ஜே.எஸ்.' என்று பெயர் வந்தது. கடைசி எழுத்து நம்ம குமராட்சிக்காரருடையது.

பின்னால் இதைவிடத் துல்லியமான பரப்புகள் வந்தன. புதுசு வந்தால் பழசுக்கு சைட்டேஷன் குறைவது இயல்பு. அதைத் தோல்வி என்று சொல்ல முடியாது. புது ரோடு பழைய ரோட்டின் மேல்தான் போடப்படுகிறது.

இந்த அயனிக்கு இன்னொரு முக்கியத்துவமும் இருக்கிறது. பிரபஞ்சத்தில் முதன்முதலில் உருவான மூலக்கூறு ஹீலியம் ஹைட்ரைடுதான் என்று கருதப்படுகிறது. ஆனால் விண்வெளியில் அது 2019-ல்தான் கண்டுபிடிக்கப்பட்டது. 'சோஃபியா' என்ற பறக்கும் தொலைநோக்கி மூலம், என்.ஜி.சி. 7027 என்ற நெபுலாவில் பார்த்தார்கள். அங்கே அந்த அயனி எப்படி அழிகிறது என்று தெரிய, மேலே சொன்ன வினையைத் தலைகீழாகக் கணக்கிட வேண்டும். அதற்குத் தேவை இதே மூன்று அணுக்களின் ஆற்றல் பரப்புதான்.

3. ஒரு தொகுப்பு (1997)

'ஃபிசிக்ஸ் ரிப்போர்ட்ஸ்' இதழில் பாலகிருஷ்ணன், கல்யாணராமன் ஆகியோரோடு சேர்ந்து எழுதிய நீண்ட தொகுப்புக் கட்டுரை. வேதிவினைகளைக் காலத்தோடு நகரும் குவாண்டம் அலையாகக் கணக்கிடும் முறையை இது விளக்குகிறது. துறைக்குள் புதிதாக வருபவர்கள் முதலில் கையில் எடுப்பது இப்படிப்பட்ட தொகுப்புகளைத்தான். அதனால் பொதுவாகவே தொகுப்புக் கட்டுரைகளுக்கு சைட்டேஷன் அதிகம் விழும்.

4. எல்லோருக்கும் வேண்டிய பொருள் (2001)

தண்ணீர் மூலக்கூறுகள் 8 முதல் 20 வரை ஒன்றுசேர்ந்தால் எந்த வடிவத்தில் அடுக்கிக்கொள்ளும்? ஐ.ஐ.டி. கான்பூரில் சத்தியமூர்த்தி குழுவும், புனேயைச் சேர்ந்த ஸ்ரீதர் காட்ரே குழுவும் சேர்ந்து கணக்கிட்டன. நான்கு நான்காகவும் ஐந்து ஐந்தாகவும் வளையம் கட்டி, அந்த வளையங்கள் ஒன்றோடொன்று ஒட்டும்போதுதான் உறுதி அதிகம் என்று தெரிந்தது. 8, 12, 16, 20 மூலக்கூறுகள் பெட்டி வடிவில் அடுக்கிக்கொள்கின்றன. 10-ம் 15-ம் ஐங்கோண அடுக்குகளாகின்றன.

அவருடைய கட்டுரைகளில் அதிகம் எடுத்தாளப்பட்டவற்றில் இதுவும் ஒன்று. தண்ணீர் எல்லோருக்கும் வேண்டிய விஷயம். வேதியியல், உயிரியல், வளிமண்டல அறிவியல் என்று பல துறைக்காரர்களும் தேடி வருவார்கள். புதிய கணக்கீட்டு முறையைக் கண்டுபிடித்தவர்கள் அதைச் சோதித்துப் பார்க்கவும் இந்த வடிவங்களை எடுத்துக்கொள்வார்கள்.

அப்போ தண்ணீர்க் கட்டுரைதான் சிறந்ததா?

அப்படிச் சொல்ல முடியாது. சைட்டேஷன் அளப்பது 'எத்தனை பேருக்குப் பயன்பட்டது' என்பதை. 'எவ்வளவு ஆழமானது' என்பது வேறு கேள்வி. ஹீலியம் வினையை உலகில் சில குழுக்கள்தான் ஆராய்கின்றன, தண்ணீரை ஆயிரக்கணக்கானவர்கள் ஆராய்கிறார்கள். கூட்டம் இருக்கும் தெருவில் கடை போட்டால் வியாபாரம் கூடும், அவ்வளவுதான்.

உலக அளவிலும் இதே கதைதான். வரலாற்றிலேயே மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட கட்டுரைகளை 'நேச்சர்' இதழ் 2014-ல் பட்டியலிட்டது. முதலிடம் ஐன்ஸ்டீனுக்கு அல்ல. ஒரு கரைசலில் எவ்வளவு புரதம் இருக்கிறது என்று அளக்கும் வழியைச் சொன்ன ஆலிவர் லௌரி குழுவின் 1951-ம் ஆண்டுக் கட்டுரைக்குத்தான். 3 லட்சத்துக்கும் மேல் சைட்டேஷன். முதல் 10 இடங்களுக்குள் கோட்பாட்டு வேதியியல் சார்ந்த கட்டுரைகளும் 2 இருந்தன. இரண்டுமே உலகம் முழுக்க வேதியியல் மென்பொருள்களில் பயன்படும் சூத்திரங்கள். கருவி செய்து கொடுத்தவருக்கு எண் குவியும். அந்தக் கருவியை வைத்து ஒரு நுட்பமான கேள்விக்கு விடை கண்டவருக்கு அவ்வளவு வராது.

இன்னொரு விசித்திரம், ரொம்பப் பிரபலமானாலும் சைட்டேஷன் குறையும். சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என். ராமச்சந்திரன் குழு 1963-ல் வெளியிட்ட 'ராமச்சந்திரன் வரைபடம்' இன்று புரத வடிவத்தைச் சரிபார்க்கும் எல்லோருக்கும் அடிப்படை. அதனாலேயே பலர் மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமல் பெயரை மட்டும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். பாடப்புத்தகத்துக்குள் போன அறிவு கணக்கில் வராது.

இனிஷியல் செய்யும் குழப்பம்

இது குறிப்பாகத் தமிழர்களுக்கான சிக்கல். நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். 'என். சத்தியமூர்த்தி' என்ற பெயரில் நாட்டில் எத்தனை பேர் இருப்பார்கள்! கூகுள் ஸ்காலர் போன்ற தளங்களில் கட்டுரைகளைச் சேர்ப்பது பெரும்பாலும் மென்பொருள்தான். அதனால் ஒருவருடைய கட்டுரை இன்னொருவர் கணக்கில் போய் உட்கார்ந்துவிடும். அதே ஆள் ஒரு பேப்பரில் முழுப்பெயரும், இன்னொன்றில் இனிஷியலும் போட்டால் இரண்டு பேராகப் பிரிந்துவிடுவார். ஆங்கில ஸ்பெல்லிங் மாறினால் இன்னும் குழப்பம்.

இதற்காகவே 2012-ல் 'ஆர்க்கிட்' என்ற 16 இலக்க அடையாள எண் வந்தது. இலவசம்தான். ஆய்வு மாணவர்கள் முதல் பேப்பர் போடும்போதே இதை எடுத்துக்கொண்டு, பெயரையும் ஒரே மாதிரி எழுதுவது நல்லது.

தளத்துக்குத் தளமும் எண் மாறும். ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயின்ஸ் இரண்டும் தேர்ந்தெடுத்த வெளியீடுகளை மட்டும் எண்ணும். கூகுள் ஸ்காலர் ஆய்வேடு, மாநாட்டுக் கட்டுரை என்று கிடைத்ததையெல்லாம் எண்ணும். எந்தத் தளம் என்று சொல்லாமல் ஹெச்-இண்டெக்ஸ் மட்டும் போட்டிருந்தால் அந்த எண்ணுக்கு அர்த்தமில்லை.

'2% பட்டியல்' நம்பகமானதா?

ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் அயோனிடிஸ் குழு ஸ்கோபஸ் தரவுகளை வைத்துத் தயாரிப்பது இது. பல்கலைக்கழகம் தரும் விருது அல்ல. இதில் ஹெச்-இண்டெக்ஸ் மட்டுமல்ல, எத்தனை பேர் சேர்ந்து எழுதினார்கள், பெயர் முதலில் வந்ததா, கடைசியில் வந்ததா என்பதும் பார்க்கப்படுகிறது. துறைவாரியாகப் பிரித்து ஒப்பிடுவதும் நல்ல அம்சம்.

கவனிக்க வேண்டியது, பட்டியல் இரண்டு உண்டு. ஒன்று வாழ்நாள் கணக்கு. மற்றொன்று ஒரே ஆண்டுக் கணக்கு. இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது. தன் கட்டுரையைத் தானே எடுத்தாண்டதைக் கழித்தால் எண் என்ன ஆகிறது என்பதும் அதிலேயே இருக்கிறது.

எண்ணைத் துரத்தினால் என்ன ஆகும்?

பதவி உயர்வும் தரவரிசையும் எண்ணை நம்பி இருந்தால், எண்ணைத் தயாரிக்கும் தொழிலும் முளைத்துவிடும். பணம் கட்டினால் ஒரு வாரத்தில் பேப்பர் போடும் போலி ஜர்னல்கள், எழுதாத கட்டுரையில் பெயர் சேர்க்கும் தரகர்கள், 'நீ என்னைக் காட்டு, நான் உன்னைக் காட்டுறேன்' என்று மாறி மாறி எடுத்தாளும் குழுக்கள் எல்லாம் அப்படி வந்தவைதான். இதில் அதிகம் அடிபடுவது ஆய்வு மாணவர்கள். உதவித்தொகையிலிருந்து பணம் கட்டி, பிற்பாடு அந்த ஜர்னலே செல்லாது என்றால் வருடக்கணக்கான உழைப்பு போச்சு.

விதிகளும் மாறிவருகின்றன.

- பிஎச்.டி. ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் பேப்பர் போட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயத்தை யு.ஜி.சி. 2022 விதிமுறையில் நீக்கியது. பல்கலைக்கழகங்கள் தனியாக விதி வைத்திருக்கலாம், விசாரித்துக்கொள்ள வேண்டும்.
- தரமான ஜர்னல்களின் 'யு.ஜி.சி.-கேர்' பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்பட்டது. ஜர்னல் நல்லதா என்று பார்க்கும் பொறுப்பு இப்போது கல்வி நிறுவனங்களுடையது.
- தவறு என்று திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறை 2025 என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் வந்தது.

பெற்றோரும் மாணவரும் எதைப் பார்க்கலாம்?

- மொத்த எண்ணைக் கேட்காதீர்கள். 'உங்களுடைய முக்கியமான 3 கட்டுரைகள் எவை, அவற்றில் என்ன கண்டுபிடித்தீர்கள்' என்று கேளுங்கள். உண்மையாக உழைத்தவர் ஐந்து நிமிடத்தில் புரியும்படி சொல்லிவிடுவார்.
- அந்தக் கட்டுரைகளை எடுத்தாண்டவர்கள் யார் என்று பாருங்கள். வெவ்வேறு நாட்டு, வெவ்வேறு குழுக்களா? அல்லது திரும்பத் திரும்ப அதே நாலு பேரா?
- ஒரே ஆண்டில் 100 பேப்பர் என்றால் பெருமைப்படுவதற்கு முன், ஒரு பேப்பருக்கு எத்தனை நாள் ஒதுக்கியிருப்பார் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.
- ஒப்பிடுவதாக இருந்தால் ஒரே துறைக்குள், ஒரே வயதுக்காரர்களை ஒப்பிடுங்கள். மருத்துவத்தையும் கணிதத்தையும் ஒரே தராசில் வைக்காதீர்கள்.
- அவரிடம் படித்த மாணவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள்.

கடைசிக் கேள்விக்கான பதில் எந்த சைட்டேஷன் தளத்திலும் கிடைக்காது. சத்தியமூர்த்தி கான்பூரில் வகுப்பெடுத்த ஆண்டுகளுக்கு ஹெச்-இண்டெக்ஸில் இடமில்லை. மொஹாலியில் ஒரு நிறுவனத்தைத் தொடக்கத்திலிருந்து நடத்திக் காட்டியதற்கும் ஒரு சைட்டேஷன்கூடக் கிடையாது. அங்கே படித்து வெளியே வரும் பிள்ளைகள் நாளைக்கு எழுதப்போகும் கட்டுரைகள் அவரவர் பெயரில்தான் எண்ணப்படும். அதனால் சைட்டேஷன் எண்ணைப் பார்ப்பதில் தப்பில்லை. அது எதற்காக வந்தது என்று கேட்காமல், அதை மட்டுமே நம்பிப் பணத்தையும் வருஷங்களையும் கொடுப்பதுதான் ஆபத்து.